பழைய க்யூ6600 ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய (குறித்த வேகத்தைவிட வேகமாக ஓட்ட) எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: 2025 பிப்ரவரி 9, காலை 10.42

வீட்டில் 2008-இல் வாங்கிய மேசைக்கணினி ஒன்று இருக்கிறது. கோர் 2 குவாட் க்யூ6600, கிகாபைட் பி35 மதர்போர்டு, 2 ஜிபி வீதம் இரண்டு டிடிஆர்2-800 ராம், ப்ராசஸருடன் பெட்டியில் வந்த அதே ஃபேன். பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்த காணொளிகளை ஹேண்ட்பிரேக் என்ற நிரலில் வேறு வடிவத்துக்கு மாற்றுவதற்கு இதைத்தான் பயன்படுத்துகிறேன். இந்த ப்ராசஸரை 3.6 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டலாம் என்றும், வோல்டேஜை 1.45-இல் வைத்தால் போதும் என்றும் பலர் எழுதியிருக்கிறார்கள். நேராக அந்த எண்களையே வைத்துவிடலாமா? இதற்கு முன் ஓவர்கிளாக் செய்த அனுபவம் எனக்கு இல்லை.

பதில்: பிப்ரவரி 9, பிற்பகல் 2.15

வேண்டாம். அந்த 3.6 பொய்யில்லை, க்யூ6600 பலவும் அந்த வேகத்தில் ஓடியிருக்கின்றன. ஆனால் அவை ஓடியது பெரிய கூலரும் தரமான எஸ்எம்பிஎஸ்ஸும் (கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டி) பொருத்திய கேபினெட்டுகளில்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ப்ராசஸர் இழுக்கும் மின்திறன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. இதன் சொந்த வேகமான 2.4-இலிருந்து 3.6 என்பது ஒன்றரை மடங்கு. 1.25 வோல்ட்டிலிருந்து 1.45 வோல்ட் என்பது, வர்க்கப்படுத்தினால், ஏறத்தாழ 1.35 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் இரண்டு மடங்கு வருகிறது. ஒன்றரை மடங்கு வேகத்துக்காக இரண்டு மடங்கு வெப்பத்தை, உங்களிடம் உள்ள அந்தச் சிறிய ஃபேன் தாங்காது.

உங்களுக்கு ஏற்ற இலக்கு 3.0 கிகாஹெர்ட்ஸ், அதுவும் வோல்டேஜைத் தொடாமல். ஏன் என்று இரவு விரிவாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 9, இரவு 9.50

பயாஸை (கணினி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) திறப்பதற்கு முன் கேபினெட்டைத் திறங்கள். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, டார்ச் அடித்து, ப்ராசஸரைச் சுற்றியிருக்கும் உருளை வடிவ கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். அவை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றின் தலையாவது உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் எதுவும் கசிந்து காய்ந்திருந்தாலோ, இந்த வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த போர்டு இப்போதிருக்கும் வேகத்தில் எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாள் ஓடட்டும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். மேலே பெரிய எழுத்தில் இருக்கும் '450 வாட்' என்பதை மறந்துவிட்டு, பக்கவாட்டு லேபிளில் 12 வோல்ட் வரிக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். ப்ராசஸரும் கிராபிக்ஸ் அட்டையும் அந்த வரியிலிருந்துதான் இழுக்கின்றன. அங்கே 14 ஆம்பியர் என்று இருந்தால், மேலே எத்தனை பெரிய எண்ணை அச்சடித்திருந்தாலும், உங்களுக்குக் கிடைப்பது 168 வாட்தான். 2010-இல் நான் ஒரு கடையில் விலை குறைவு என்று வாங்கிய எஸ்எம்பிஎஸ், ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்த பத்தாவது நிமிடத்தில் கருகிய வாசனையோடு நின்றது. மதர்போர்டு பிழைத்தது என் நல்லூழ். எஸ்எம்பிஎஸ்ஸின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னேற்றம் தங்கியிருக்கும்.

மூன்றாவது, ஃபேன். எல்ஜிஏ775 (இந்த ப்ராசஸர் உட்காரும் சாக்கெட்) ஃபேனை நான்கு பிளாஸ்டிக் ஊசிகள் போர்டின் துளைகளில் அழுத்திப் பிடிக்கின்றன. பதினேழு ஆண்டுகளில் அந்தப் பிளாஸ்டிக் விறைத்து, ஒரு மூலை மட்டும் தளர்ந்திருப்பது மிகவும் சாதாரணம். ஃபேனைக் கழற்றி, ப்ராசஸருக்கும் ஃபேனுக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும், காய்ந்து சுண்ணாம்புபோல் ஆகிவிட்ட பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, உளுந்து அளவுக்குப் புதிய பேஸ்ட்டை நடுவில் வைத்துப் பொருத்துங்கள். பொருத்திய பின், போர்டின் அடிப்பக்கத்தில் நான்கு ஊசிகளும் முழுவதும் வெளிவந்து விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். மேலிருந்து பார்த்தால் இது தெரியாது. என் கணினியில் இந்த வேலை மட்டுமே முழு வேலையின்போது 14 டிகிரியைக் குறைத்தது. அப்போது ஒரு மெகாஹெர்ட்ஸ்கூட நான் ஏற்றியிருக்கவில்லை.

பிப்ரவரி 10, இரவு 8.30

3.0 எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறேன்.

இந்த ப்ராசஸரின் வேகம் இரண்டு எண்களின் பெருக்கல்: எஃப்எஸ்பி (ப்ராசஸரை மதர்போர்டோடு இணைக்கும் பாதையின் அடிப்படை வேகம்) 266 மெகாஹெர்ட்ஸ், பெருக்கி 9. க்யூ6600-இல் பெருக்கியை 9-க்கு மேல் ஏற்ற முடியாது. குறைக்க மட்டுமே முடியும். ஆகவே நம் கையில் இருப்பது எஃப்எஸ்பி ஒன்றுதான். 266-ஐ 333 ஆக்கினால் 9 மடங்கு 3.0 கிகாஹெர்ட்ஸ்.

2007 ஜூலையில் இன்டெல் கோர் 2 எக்ஸ்ட்ரீம் க்யூஎக்ஸ்6850 என்ற ப்ராசஸரை 999 டாலருக்கு வெளியிட்டது. அதுவும் அதே 65 நானோமீட்டர் குடும்பம், அதே 8 எம்பி கேஷ், அதே ஜி0 ஸ்டெப்பிங் (சில்லின் திருத்தப் பதிப்பு). அதன் வேகம் 333 மடங்கு 9. அதாவது 3.0 கிகாஹெர்ட்ஸ். அதே மாதத்தில் க்யூ6600-இன் விலை 266 டாலருக்கு இறங்கியது. உற்பத்தி முறை முதிர்ந்துவிட்டால், வெளிவரும் சில்லுகளில் பெரும்பாலானவை லேபிளில் உள்ளதைவிட வேகமாக ஓடக்கூடியவையாகவே இருக்கும். குறைந்த விலை ரகத்துக்கும் ஆள் வேண்டுமே என்று அவற்றில் பலவற்றைக் குறைந்த வேகத்தில் முத்திரையிட்டு விற்பார்கள். 1998-இல் வந்த செலரான் 300ஏ இதே வழியில்தான் பெயர் பெற்றது: 66-ஐ 100 ஆக்கியதும், பெருக்கி 4.5-இல் அது 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது.

ஆக, 3.0 என்பது இந்தச் சில்லின் குடும்பத்துக்கு அதைச் செய்தவர்களே சான்றளித்த வேகம். ஆனால் அதே இன்டெல் க்யூஎக்ஸ்6850-க்கு 130 வாட் என்று குறித்தது. உங்களுடையதற்கு 95 வாட். அந்த இடைவெளியைத்தான் கூலர் சமாளிக்க வேண்டும்.

பிப்ரவரி 10, இரவு 9.05

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். உங்களுடையது ஜி0 என்று நானாகவே எடுத்துக்கொண்டேன். 2007 ஜனவரியில் முதலில் வந்தவை பி3 ஸ்டெப்பிங். அவை 105 வாட், சூடும் கூடுதல். ப்ராசஸரின் விவரம் காட்டும் சிபியு-இசட் நிரலில் 'ரிவிஷன்' என்ற கட்டத்தைப் பாருங்கள், அல்லது பேஸ்ட் துடைக்கும்போது உலோக மூடியில் படியுங்கள்: எஸ்எல்ஏசிஆர் என்றிருந்தால் ஜி0, எஸ்எல்9யூஎம் என்றிருந்தால் பி3. பி3 என்றால் 3.0-ஐ இந்த ஃபேனோடு முயல வேண்டாம்.

பிப்ரவரி 15, காலை 7.20

எஸ்எல்ஏசிஆர், கெப்பாசிட்டர்கள் தட்டை, 12 வோல்ட்டில் 30 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது பயாஸ்.

கிகாபைட்டின் அக்காலத்து போர்டுகள் பலவற்றில், பயாஸின் முதல் திரையில் கன்ட்ரோல், எஃப்1 இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் சில வரிகள் கண்ணில் படும். வேகத்தையும் வோல்டேஜையும் மாற்றும் எம்.ஐ.டி. பக்கத்தில் எதையும் மாற்றுவதற்கு முன், ஒவ்வொரு திரையையும் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் 'ஆட்டோ' என்ற சொல் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் கவனம் வேண்டும். எஃப்எஸ்பியை நீங்கள் ஏற்றும்போது, ப்ராசஸரின் வோல்டேஜ் ஆட்டோவில் இருந்தால், பல போர்டுகள் உங்களைக் கேட்காமலே வோல்டேஜையும் ஏற்றிவிடும். கோர்டெம்ப் என்ற நிரல் காட்டும் 'விஐடி' மதிப்பு உங்கள் சில்லுக்கென்று தொழிற்சாலையில் குறிக்கப்பட்ட வோல்டேஜ். அதையே கையால் வையுங்கள். பிசிஐ எக்ஸ்பிரஸ் அதிர்வெண்ணையும் ஆட்டோவில் விடாமல் 100 என்று வையுங்கள்.

ராமில்தான் புதியவர்கள் அதிகம் இடறுகிறார்கள். இந்த போர்டில் ராமின் வேகம் எஃப்எஸ்பியின் பெருக்கல். இப்போது 266 மடங்கு 3.00, அதாவது 800. எஃப்எஸ்பியை 333 ஆக்கிவிட்டு இந்த 3.00-ஐ அப்படியே விட்டால், 800-க்கு விற்கப்பட்ட ராம் 1000-இல் ஓடும். கணினி நின்றுவிடும், நீங்கள் ப்ராசஸர் தாங்கவில்லை என்று முடிவு செய்வீர்கள். ஆகவே முதலில் ராமின் பெருக்கியை 2.00 ஆக்குங்கள், 333-இல் அது 667. ராம் தன் எல்லைக்குள் இருப்பதால், கோளாறு வந்தால் அது ப்ராசஸருடையது என்று ஐயமில்லாமல் தெரியும்.

பிறகு 266-இலிருந்து 290, அடுத்து 310, அடுத்து 333. ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரமாவது சோதித்துவிட்டு மேலே செல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள்.

பிப்ரவரி 15, காலை 7.45

சொல்ல மறந்தது: எஃப்எஸ்பியை மாற்றிச் சேமித்ததும் ஃபேன் சுழன்று, நின்று, இரண்டு நொடி கழித்து மீண்டும் சுழலும். முதல் முறை பார்க்கும்போது மூச்சு நின்றுவிடும். பி35 போர்டுகளில் அது இயல்பு. மூன்று நான்கு முறை அப்படியே திரும்பத் திரும்ப நடந்து திரை வராவிட்டால் மட்டும், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, நாணயம் போலிருக்கும் சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எல்லாம் பழையபடி 266-க்கு வந்துவிடும்.

கேள்வி: பிப்ரவரி 16, மாலை 6.10

333 வைத்தேன், விண்டோஸ் வந்துவிட்டது. ஆனால் சிபியு-இசட்டில் 2.0 கிகாஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. முன்பிருந்ததைவிடக் குறைந்துவிட்டதே?

பிப்ரவரி 16, மாலை 6.40

குறையவில்லை. வேலை இல்லாத நேரத்தில் ப்ராசஸர் தன் பெருக்கியை 9-இலிருந்து 6-க்கு இறக்கிக்கொள்கிறது. 333 மடங்கு 6 என்பது 2.0. ஒரு காணொளியை மாற்றக் கொடுத்துவிட்டுப் பாருங்கள், 3.0 தெரியும். இதைச் செய்யும் சி1இ, இஐஎஸ்டி இரண்டையும் அணைக்கச் சொல்லும் குறிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். 3.0-க்கு அது தேவையே இல்லை. நாள் முழுவதும் ஓடும் கணினியில் அவை மின்சாரத்தை மிச்சப்படுத்துகின்றன.

ஆனால், விண்டோஸ் வந்துவிட்டது என்பதைக் கொண்டு எதையும் முடிவு செய்யாதீர்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க் இப்போது இணைப்பில் இருக்கிறதா? இருந்தால், தயவுசெய்து கணினியை அணைத்துவிட்டு அதன் சாட்டா கேபிளை இப்போதே கழற்றுங்கள். காரணத்தை நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 17, இரவு 10.30

2009-இல் என் க்யூ6600-ஐ 400 மடங்கு 8, அதாவது 3.2-இல் ஓட்டிக்கொண்டிருந்தேன். ராமின் பெருக்கியை 2.40-இல் வைத்திருந்தேன், 800-க்கான ராம் 960-இல் ஓடியது. கணினி ஒரு நாளும் நிற்கவில்லை, நீலத்திரை வரவில்லை. இரண்டு மாதம் அப்படியே ஓடியது. அந்த இரண்டு மாதத்துக்குள்தான் தங்கையின் திருமணம் நடந்தது. கேமராவின் மெமரி கார்டிலிருந்து 340 படங்களை டிஸ்க்குக்கு மாற்றினேன், ஒன்றிரண்டைத் திறந்து பார்த்தேன், கார்டை அழித்துவிட்டு அடுத்த நாள் மறுவீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

மூன்று வாரம் கழித்து, ஆல்பம் போடுவதற்காக ஸ்டுடியோவில் படங்களைத் திறந்தபோது, பதினொரு படங்களில் மேல்பாதி சரியாகவும், அதற்குக் கீழே எல்லாம் பக்கவாட்டில் நகர்ந்து, இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த பட்டைகளாகவும் இருந்தது. அவற்றில் ஒன்று தாலி கட்டும் படம். எங்கள் தாத்தா அட்சதை போடக் கை தூக்கியிருக்கிறார். கை இருக்கிறது, முகம் இருந்த இடத்தில் பட்டை. அவர் அடுத்த ஆண்டு காலமானார்.

கார்டிலிருந்து டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு பைட்டும் ராம் வழியாகவே போகிறது. எல்லைக்கு மேல் ஓடிய ராம், கோடிக்கணக்கான பிட்டுகளில் எங்கோ ஒன்றை மாற்றி எழுதியது. அந்தப் பிட் நிரலின் பகுதியாக இருந்திருந்தால் கணினி நின்றிருக்கும், எனக்கும் தெரிந்திருக்கும். அது படத்தின் பகுதியாக இருந்ததால் எதுவும் நிற்கவில்லை. அன்றிரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓட்டினேன். இருபது நிமிடத்துக்குள் திரையின் கீழ்ப்பாதி சிவப்பு வரிகளால் நிறைந்துவிட்டது. அந்த இருபது நிமிடத்தை இரண்டு மாதத்துக்கு முன்பே நான் செலவழித்திருக்க வேண்டும்.

நீங்களும் கேசட்டிலிருந்து எடுத்த காணொளிகளை வைத்திருக்கிறீர்கள். ஆகவே வரிசை இதுதான்: டிஸ்க்கைக் கழற்றுங்கள். பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86+ ஓட்டி, ஒரு முழுச் சுற்றாவது ஒரு பிழையும் இல்லாமல் முடியட்டும். பிறகு பென்டிரைவிலேயே ஓடும் லினக்ஸில் ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95-இன் லினக்ஸ் வடிவமான எம்பிரைமை ஓட்டுங்கள். அதில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' ப்ராசஸரை அதிகம் சூடாக்கும். 'பிளெண்ட்' ராமையும் சேர்த்துச் சோதிக்கும். அந்த நிரல் விடை தெரிந்த கணக்குகளைப் போட்டு ஒப்பிடுவதால், கணினி நிற்காமலே செய்யும் தவறுகளையும் பிடித்துவிடும். ரவுண்டிங் 0.5 வந்தது, 0.4-க்குக் குறைவாக எதிர்பார்த்தேன் என்ற பொருளில் ஒரு வரி வந்தால், நான்கு கோர்களில் ஒன்று தவறான விடை சொல்லிவிட்டது என்று பொருள். மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பிப்ரவரி 18, காலை 6.55

படியொன்றுக்கு அரை மணி என்று 15-ஆம் தேதி எழுதியது இடைப்படிகளுக்கு மட்டும். கடைசியாக நிலைக்கப்போகும் வேகத்துக்கு ஓர் இரவு முழுவதும், குறைந்தது எட்டு மணி நேரம். என் கணினியில் ஒரு முறை ஆறாவது மணி நேரத்தில் மூன்றாவது கோர் தவறியிருக்கிறது.

பிப்ரவரி 23, பிற்பகல் 3.00

எட்டு மணி நேரம் பிழையின்றி ஓடிய செய்தியைப் பார்த்தேன், மகிழ்ச்சி. முன்பு 100 நிமிடம் எடுத்த காணொளி இன்று 81 நிமிடத்தில் முடிந்தது என்கிறீர்கள். 25 சதவீத வேகத்துக்குக் கணக்குப்படி 80 வர வேண்டும், ஏறக்குறைய அதுவே வந்திருக்கிறது.

இப்போது ராமை அதன் சொந்த வேகத்துக்குக் கொண்டுவரலாம். 2.00 என்பது சோதனைக்காகச் சொன்னது, நிரந்தரமாக வைக்கச் சொல்லவில்லை. அதை அன்றே தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 333 மடங்கு 2.40 என்றால் 800, லேபிளில் உள்ள அதே வேகம். மாற்றியபின் மெம்டெஸ்ட் மீண்டும் ஒரு சுற்று. அதற்குப் பிறகே டிஸ்க்கை இணையுங்கள். கேசட் காணொளிகளின் மூலப்பிரதி வேறொரு டிஸ்க்கில், வேறொரு கணினியின் வழியாக எழுதப்பட்டதாக இருக்கட்டும்.

கணினி திறக்கும் நேரம் குறையவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். குறையாது. அங்கே ப்ராசஸர் டிஸ்க்குக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. சிறிய எஸ்எஸ்டி ஒன்று போட்டால் அந்த வித்தியாசம் 3.6 கிகாஹெர்ட்ஸிலும் கிடைக்காத அளவுக்கு இருக்கும்.

மார்ச் 2, இரவு 9.15

வெப்பநிலை பற்றி இன்னொருவர் கேட்டதற்கு: இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் இரண்டு எண்களைக் காட்டுவது உங்கள் கணினியின் பழுது இல்லை. இந்த ப்ராசஸரின் உணரி டிகிரியை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்பிலிருந்து இன்னும் எத்தனை டிகிரி தூரம் இருக்கிறது என்பதையே சொல்கிறது. அந்த உச்ச வரம்பு எவ்வளவு என்று ஒவ்வொரு நிரலும் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு கழிப்பதால் விடை மாறுகிறது. அந்தத் தூரத்தையே காட்டச் சொல்லி, அதைப் பாருங்கள். முழு வேலையில் 30 டிகிரி மிச்சமிருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன்; 20-க்குக் கீழே போனால் எஃப்எஸ்பியைக் குறைப்பேன். வேலையில்லாத நேரத்தில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள். வரம்புக்கு அருகில்தான் அந்த உணரி சரியாகச் சொல்லும்.

மே 4, இரவு 11.20

பிப்ரவரியில் நான் எழுதியதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. இன்று என் கணினியே அதைக் காட்டியது.

வேலூரில் பிப்ரவரி இரவில் என் அறை 25 டிகிரி. இப்போது இரவு பதினொன்று கடந்தும் 35. அறை பத்து டிகிரி ஏறினால் கோர்களும் ஏறக்குறைய அதே பத்து ஏறும். ஃபேனால் அறைக் காற்றைவிடக் குளிர்ந்த காற்றைக் கொண்டுவர முடியாது. பிப்ரவரியில் 30 டிகிரி மிச்சம் காட்டிய அதே 333 மடங்கு 9, இன்று 19 காட்டியது. எம்பிரைமில் நான்காவது மணி நேரத்தில் ஒரு கோர் தவறியது. நீங்கள் சோதித்ததும் பிப்ரவரியில்தான். உங்கள் எட்டு மணி நேரச் சோதனை பிப்ரவரிக்கு மட்டும் செல்லும். மீண்டும் ஓட்டுங்கள், ஓட்டுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

கூலரை மாற்றுவதுதான் சரியான தீர்வு. கடையில் கேட்கும்போது எல்ஜிஏ775-க்கான தாங்கி பெட்டிக்குள் இருக்கிறதா என்று திறந்து பார்த்து வாங்குங்கள். புதிய கூலர்கள் பலவற்றில் அது இல்லை. கூலர் வரும்வரை வோல்டேஜை ஏற்றிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூட்டினால் வந்த பிழைக்கு மேலும் சூட்டை ஊற்றுவதாகும் அது.

மே 6, காலை 6.30

320 மடங்கு 9, அதாவது 2.88 கிகாஹெர்ட்ஸ். ராம் 2.40-இல் 768. இரவு முழுவதும் அறை 34-க்குக் கீழே இறங்கவில்லை. மிச்சம் 24 டிகிரி, பிழை எதுவும் இல்லை. உங்கள் 81 நிமிடக் காணொளி இந்த வேகத்தில் 84 நிமிடம் எடுக்கும்.

இரண்டு வரிசை எண்களையும் ஒரு தாளில் எழுதி, கேபினெட் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிட்டேன்: மார்ச் முதல் செப்டம்பர் வரை 320, அக்டோபர் முதல் பிப்ரவரி வரை 333, இரண்டுக்கும் விஐடி 1.2625 வோல்ட். உங்கள் மே மாத எண்கள் வந்ததும் இங்கே எழுதுங்கள்.